பீகிள்போன் பிளாக்கிற்கு ஒரு முழு லினக்ஸ்: கிராஸ் கம்பைல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிக்கணினியின் செயலி ஒரு சாதி, கையில் இருக்கும் போர்டின் செயலி வேறு சாதி. இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே ஓடவேண்டிய நிரலைக் கம்பைல் செய்வதுதான் கிராஸ் கம்பைல். ஒரே ஒரு சி நிரலுக்கு இது ஐந்து நிமிட வேலை. பூட்லோடர் (பவர் வந்ததும் கெர்னலை ஏற்றும் நிரல்), கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), நூலகங்கள், ஷெல் (கட்டளை அடிக்கும் இடம்) என்று ஒரு லினக்ஸ் முழுவதையும் இப்படிக் கட்டும்போதுதான் சிக்கல்கள் கிளம்புகின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு பீகிள்போன் பிளாக். 2013-இல் வந்த போர்டு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்3358 சிப், 512 எம்பி ரேம். பழையதுதான். ஆனால் அதன் சுற்றுப்படமும் சிப்பின் ஆவணமும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. கற்க அதைவிட வேறென்ன வேண்டும்?

போர்டிலேயே ஜிசிசி கம்பைலரைப் போட்டுக் கம்பைல் செய்தால் ஆகாதா?

சின்ன நிரலுக்கு ஆகும். போர்டில் இருப்பது 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றைக் கோர். கெர்னலை அதில் கம்பைல் செய்தால் மணிக்கணக்கில் ஓடும். பெரிய சி++ நிரலை லிங்க் செய்யும்போது ரேம் போதாமல் வேலை பாதியில் நின்றுவிடும். எஸ்டி கார்டில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எழுதி அழிப்பதால் கார்டும் தேயும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: போர்டில் இன்னும் எதுவுமே பூட் ஆகவில்லை என்றால் அந்த ஜிசிசி எங்கே ஓடும்?

டெபியன் லினக்ஸின் இமேஜ் (கார்டில் அப்படியே எழுதும் கோப்பு) ஆயத்தமாகக் கிடைக்கிறதே, பிறகு ஏன் இத்தனை பாடு?

பரிசோதனைக்கும் படிப்புக்கும் டெபியனே போதும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவியை நூறு இடத்தில் பொருத்தப்போகிறீர்கள், அதற்குள் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொரு கோப்புக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை வரும்போது நாமே கட்டுவதற்குப் பொருள் உண்டு. அடிப்படைக் கட்டளைகள் பலவற்றை ஒரே சிறு நிரலில் தரும் பிஸிபாக்ஸை மட்டும் வைத்துக் கட்டிய ரூட் ஃபைல் சிஸ்டம் (கோப்புகளின் வேர்த் தொகுப்பு) சில எம்பிதான். சில நொடிகளில் பூட் ஆகும். மூன்று ஆண்டு கழித்து ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தால், அந்த நூலகம் நம் இமேஜில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

"முழு லினக்ஸ்" என்றால் எதையெல்லாம் கட்ட வேண்டும்?

நான்கு. கம்பைலரும் லிங்கரும் அடங்கிய டூல்செயின், போர்டை எழுப்பும் பூட்லோடர், கெர்னலும் அதற்கான டிவைஸ் ட்ரீயும் (போர்டின் சாதனங்களைச் சொல்லும் கோப்பு), பயனர் நிரல்கள் அடங்கிய ரூட் ஃபைல் சிஸ்டம். இதில் டூல்செயின் மட்டும் மடிக்கணினியில் ஓடுவது, மற்ற மூன்றும் போர்டில் ஓடுபவை. இந்த எல்லைக்கோட்டை மறக்காதீர்கள். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை, கோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கோப்பு எதுவோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததால் வருபவை. ஏதாவது உடைந்தால் நான் முதலில் கேட்டுக்கொள்வது, "இந்தக் கோப்பு எந்தக் கணினியினுடையது?" என்பதைத்தான்.

ஆர்ம்-லினக்ஸ்-க்னூஇஏபிஐஹெச்எஃப் என்று டூல்செயினுக்கு இவ்வளவு நீளப் பெயர் எதற்கு?

அது பெயர் மட்டும் அல்ல, முகவரியும்கூட. முதல் பகுதி செயலியின் இனம், பீகிள்போனில் இருப்பது ஆர்ம். நடுவில் இருப்பது இயங்குதளம். அங்கே லினக்ஸுக்குப் பதில் 'நன்' என்று இருந்தால் இயங்குதளமே இல்லாத மைக்ரோகன்ட்ரோலருக்கான டூல்செயினைத் தவறுதலாக இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். புதியவர்கள் பலர் இதில் விழுகிறார்கள். அதை வைத்துக் கெர்னலைக்கூடக் கம்பைல் செய்துவிடலாம், ஏனென்றால் கெர்னலுக்கு சி நூலகம் தேவையில்லை. பயனர் நிரலுக்கு வரும்போதுதான் எல்லாம் சரியும்.

கடைசிப் பகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. முடிவில் 'ஹெச்எஃப்' இருந்தால், ஒரு செயல்கூறுக்குத் தசம எண்ணை அனுப்பும்போது அது மிதவைப்புள்ளி ரெஜிஸ்டரில் போகும். இல்லையென்றால் சாதாரண ரெஜிஸ்டரில் போகும். அனுப்புபவர் ஒரு கையில் நீட்ட, வாங்குபவர் மறு கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் இரண்டு வகையையும் ஒரே நிரலில் கலக்க லிங்கர் மறுக்கிறது. ஒரு போர்டுக்கு ஒரு வகை என்று முடிவுசெய்து, எல்லா நூலகங்களையும் அதிலேயே கட்டுங்கள். பீகிள்போனுக்கு ஹெச்எஃப்.

இன்னொரு கண்ணியும் உண்டு. டெபியன், உபுண்டு தரும் ஆர்ம்ஹெச்எஃப் டூல்செயின் ஏஆர்எம்வி7 செயலியை மனத்தில் வைத்தது. முதல் ராஸ்பெர்ரி பையும் பை ஜீரோவும் ஏஆர்எம்வி6. பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே கொண்டுபோனால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று நிரல் விழும்.

பில்ட், ஹோஸ்ட், டார்கெட் மூன்றும் குழப்புகின்றனவே?

பில்ட் என்பது கம்பைல் நடக்கும் கணினி. ஹோஸ்ட் என்பது கம்பைல் ஆகி வரும் நிரல் ஓடப்போகும் கணினி. டார்கெட் என்பது அந்த நிரலே ஒரு கம்பைலராக இருந்தால், அது யாருக்காகக் குறியீடு உருவாக்கும் என்பது. கம்பைலர், லிங்கர் போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு டார்கெட் என்ற பேச்சே இல்லை. ஆகவே ஒரு நூலகத்தை பீகிள்போனுக்குக் கட்டும்போது கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் (கட்டும் முன் அமைப்பைச் சரிபார்ப்பது) ஆர்ம் பெயரைக் கொடுக்க வேண்டியது ஹோஸ்ட்டுக்கு. பேச்சுவழக்கில் போர்டை "டார்கெட்" என்கிறோம், அதனால்தான் குழப்பம்.

மூன்றும் மூன்று வெவ்வேறு கணினிகளாக இருந்தால் அதற்கு "கனேடியன் கிராஸ்" என்று பெயர். இதைப் பற்றிய விவாதம் நடந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்ததால் அப்படி வைத்தார்களாம்.

டூல்செயினை நானே கட்ட வேண்டுமா?

வேலைக்கு, வேண்டாம். ஆர்ம் நிறுவனமும் பூட்லின் நிறுவனமும் ஆயத்த டூல்செயின்களைத் தருகின்றன. அறிவுக்கு, ஒரு முறை கட்டிப் பாருங்கள். அதில் ஒரு முட்டை-கோழிச் சிக்கல் இருக்கிறது: சி நூலகத்தைக் கட்ட ஜிசிசி வேண்டும், ஜிசிசியை முழுமையாகக் கட்ட சி நூலகம் வேண்டும். ஆகவே முதலில் நூலகமே தெரியாத, சி மொழி மட்டும் தெரிந்த ஒரு குட்டி ஜிசிசியைக் கட்டுகிறோம். அதைக்கொண்டு சி நூலகத்தைக் கட்டி, அந்த நூலகத்தை வைத்து மீண்டும் முழு ஜிசிசியைக் கட்டுகிறோம். இவற்றுக்கெல்லாம் முன்பாக பின்யுடில்ஸும் (அசெம்ப்ளர், லிங்கர் முதலியவை) கெர்னல் ஹெடர்களும் (கெர்னலோடு பேசும் வழியைச் சொல்லும் கோப்புகள்) தயாராக இருக்க வேண்டும். கிராஸ்டூல்-என்ஜி என்ற கருவி இந்த வரிசையை உங்களுக்காக நடத்தித் தரும். அது ஓடும்போது திரையில் வரும் படிகளைப் படித்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

ஜிலிப்சி, மஸ்ல், யூசிலிப்சி-என்ஜி: சி நூலகமாக எதை எடுப்பது?

சந்தேகம் இருந்தால் ஜிலிப்சி. வெளியிலிருந்து பைனரியாக மட்டும் வரும் நூலகங்கள் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கும். இடம் இறுக்கமாக இருந்தால் மஸ்ல். யூசிலிப்சி-என்ஜி, எம்எம்யூ (நினைவக முகவரிகளை மாற்றித்தரும் பகுதி) இல்லாத செயலிகளுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

32 பிட் போர்டுக்கு ஒன்றை மட்டும் இப்போதே யோசித்துவிடுங்கள். நேரத்தை 32 பிட்டில் எண்ணும் நிரல் 2038 ஜனவரியில் உடையும். மஸ்ல் 2020-இல் வந்த 1.2 பதிப்பிலேயே 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டது. ஜிலிப்சியில் 2021-இல் வந்த 2.34 முதல் அது ஒரு விருப்பத் தேர்வு, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நூலகங்களில் பாதியை அப்படியும் பாதியை இப்படியும் கட்டினால் பிழை மௌனமாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும். இன்று பொருத்தும் ஒரு தண்ணீர் மீட்டர் 2038-இலும் சுவரில் இருக்கும்.

கெர்னல் ஹெடர்களின் பதிப்பு கெர்னலோடு ஒத்துப்போக வேண்டுமா?

ஹெடர்கள், ஓடும் கெர்னலைவிடப் பழையனவாக இருக்கலாம், புதியனவாக இருக்கக் கூடாது. பழைய பயனர் நிரலைப் புதிய கெர்னல் உடைக்காது என்பது லினக்ஸின் நெடுநாள் வாக்குறுதி. மறுபுறம் அந்த வாக்குறுதி கிடையாது. முழு லினக்ஸையும் கட்டித் தரும் கருவியான பில்ட்ரூட், ஜிலிப்சியைக் கட்டும்போது ஹெடரின் பதிப்பையே குறைந்தபட்சக் கெர்னலாக எழுதிவிடுகிறது. அதைவிடப் பழைய கெர்னலில் பூட் செய்தால், ஜிலிப்சி 2.35 வரை இனிட்டே (கெர்னல் தொடங்கும் முதல் நிரல்) "கெர்னல் டூ ஓல்ட்" என்று சொல்லி இறந்துவிடும். 2022-இல் வந்த 2.36-இல் அந்தச் சோதனையை நீக்கிவிட்டார்கள்.

கையால் கட்டுவதா, பில்ட்ரூட்டா, யாக்டோவா?

என் கருத்து இது. முதல் முறை யூ-பூட் என்ற பூட்லோடர், கெர்னல், பிஸிபாக்ஸ் மூன்றையும் தனித்தனியே இறக்கிக் கையால் கட்டி, ஷெல் ப்ராம்ப்ட் வரும்வரை கொண்டுபோங்கள். ஒரு வார இறுதி போதும். பிறகு ஒருபோதும் கையால் கட்டாதீர்கள். இருபது நூலகம் சேர்ந்தபின் எது எந்த விருப்பத்தோடு கட்டப்பட்டது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

பில்ட்ரூட் 2001 வாக்கில் யூசிலிப்சியை உருவாக்கியவர்கள் தங்கள் நூலகத்தைச் சோதிக்கத் தொடங்கியது. மேக்ஃபைல் படிக்கத் தெரிந்தவர் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு நாளில் புரிந்துகொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு. அவற்றுள் பிப்ரவரி வெளியீடு நீண்ட காலம் பராமரிக்கப்படுவது, பொருளாக விற்கப்போகிறவர்கள் அதையே எடுங்கள்.

யாக்டோவும் அதுபோன்ற கட்டும் அமைப்புதான், 2010-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் தொடங்கியது. ஒரே நிறுவனம் பத்து வகைப் போர்டுகளுக்கு, பல குழுக்களாகப் பிரிந்து வேலை செய்யும்போது அதன் லேயர் அமைப்பு உண்மையிலேயே தேவைப்படுகிறது. தனி ஒருவர், ஒரு போர்டு என்றால் அந்தச் சுமை வேண்டியதில்லை. வட்டில் நூறு ஜிபியை ஒட்டியோ தாண்டியோ காலியிடம் கேட்கும். பில்ட்ரூட்டின் சிறிய அமைப்புக்குப் பத்து ஜிபி தாராளம்.

பில்ட்ரூட்டில் பீகிள்போனுக்கு எப்படித் தொடங்குவது?

மூல அடைவுக்குள் போய் "மேக் பீகிள்போன்_டெஃப்கான்ஃபிக்", பிறகு வெறும் "மேக்". டூல்செயினையும் சேர்த்துக் கட்டினால் என் நான்கு கோர் மடிக்கணினியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். முடிவில் 'அவுட்புட்' அடைவுக்குள் 'இமேஜஸ்' என்பதில் எஸ்டி கார்டுக்கான ஒரே கோப்பு கிடைக்கும். அதை 'டிடி' கட்டளையால் கார்டில் எழுதுங்கள். எழுதும் முன் சாதனத்தின் பெயரை இரண்டு முறை பாருங்கள், அங்கே எஸ்டி கார்டுக்குப் பதில் மடிக்கணினியின் வட்டு இருந்தால் மீட்க வழியில்லை.

அதே அவுட்புட் அடைவில் மற்ற நான்கையும் திறந்து பாருங்கள், மேலே சொன்ன எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும். 'பில்ட்' என்பதில் எல்லா மூலநிரலும் பிரிக்கப்பட்டுக் கட்டப்படுகின்றன. 'ஹோஸ்ட்' என்பதில் மடிக்கணினியில் ஓடுபவை (இங்கே ஹோஸ்ட், டார்கெட் இரண்டும் பேச்சுவழக்குப் பொருளில்). 'ஸ்டேஜிங்' என்பதில் போர்டுக்கான நூலகங்கள் ஹெடர்களோடு இருக்கும், அது கம்பைலரின் பார்வைக்கு. 'டார்கெட்' என்பதில் அதே நூலகங்கள் ஹெடரும் டீபக் தகவலும் உரிக்கப்பட்டு இருக்கும், அது போர்டுக்கு.

அந்த 'டார்கெட்' அடைவை அப்படியே கார்டில் நகலெடுக்கப் பலருக்குக் கை பரபரக்கும். வேண்டாம். அதில் கோப்புகளின் உரிமையாளர் நீங்கள், ரூட் (நிர்வாகப் பயனர்) அல்ல. சாதனக் கோப்புகளும் சரியாக இருக்காது. ரூட்டாக இருப்பதுபோல் நடிக்கும் ஃபேக்ரூட் அவற்றையெல்லாம் கடைசி நேரத்தில், இமேஜ் உருவாகும்போதுதான் சரிசெய்கிறது. "இது உங்கள் ரூட் ஃபைல் சிஸ்டம் அல்ல" என்ற பெயரிலேயே ஒரு கோப்பை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள்.

மெனுகான்ஃபிக் என்ற தேர்வு மெனுவில் ஒரு பேக்கேஜை நீக்கினேன், ஆனால் இமேஜில் இன்னும் இருக்கிறதே?

பில்ட்ரூட் அதைக் கண்டுகொள்ளாது. எது எதைச் சார்ந்து மாறும் என்று துல்லியமாகக் கணிப்பது கடினம் என்பதால், அரைகுறையாகக் கணிப்பதைவிடக் கணிக்காமல் இருப்பதே மேல் என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு பேக்கேஜைச் சேர்த்தால் வெறும் மேக் போதும். நீக்கினாலோ, டூல்செயின் அமைப்பை மாற்றினாலோ "மேக் கிளீன்" செய்து முதலிலிருந்து கட்டுங்கள். ஒரு பேக்கேஜின் மூலநிரலை மட்டும் மாற்றினால் அதன் பெயரோடு 'ரீபில்ட்' சேர்த்துக் கொடுக்கலாம்.

பவர் கொடுத்ததிலிருந்து ஷெல் வரை உண்மையில் என்ன நடக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் எங்கே நின்றது என்பதைத் திரையைப் பார்த்தே சொல்லலாம்.

சிப்புக்குள் ரோமில் (படிக்க மட்டுமே முடியும் நினைவகம்) தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட நிரல் ஒன்று இருக்கிறது. நாம் மாற்ற முடியாத ஒரே பகுதி அதுதான். பவர் வந்ததும் அது விழித்து, கார்டின் முதல் ஃபேட் பகுதியில் எம்எல்ஓ என்ற கோப்பைத் தேடுகிறது. இந்த நேரத்தில் 512 எம்பி ரேம் இன்னும் உயிர்பெறவில்லை. அதற்கு டைமிங் சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை. ஆகவே சிப்புக்கு உள்ளேயே இருக்கும் சிறிய நினைவகத்தில்தான் எம்எல்ஓ அடங்க வேண்டும். உச்ச அளவு 109 கேபி. முழு யூ-பூட் அதில் அடங்காது என்பதால்தான் யூ-பூட்டை இரண்டாகப் பிரிக்கிறோம். எம்எல்ஓ வந்து ரேமை எழுப்புகிறது, பிறகு முழு யூ-பூட்டை ரேமில் ஏற்றுகிறது. யூ-பூட் கெர்னலையும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் ஏற்றி, கெர்னல் கட்டளை வரியையும் கொடுத்து, கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிட்டு விலகுகிறது. கெர்னல் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்து இனிட்டைத் தொடங்குகிறது.

இப்போது அறிகுறிகள். சீரியல் திரையில் சி, சி, சி என்று ஒரே எழுத்து வரிசையாக வந்தால் ரோம் நிரலுக்கு எங்கேயும் சரியான எம்எல்ஓ கிடைக்கவில்லை. சீரியல் வழியாகவாவது ஒன்றை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. யூ-பூட் பேனர் வந்தால் ரேம் நலம். "ஸ்டார்ட்டிங் கெர்னல்" வந்தால் கோப்புகள் கிடைத்துவிட்டன.

போர்டின் உள்ளே இருக்கும் இஎம்எம்சி நினைவகத்தில் டெபியன் ஏற்கெனவே இருக்கும். எஸ்2 பொத்தானை அழுத்தாமல் பவர் கொடுத்தால் ரோம் நிரல் முதலில் அதைத்தான் பார்க்கும். நீங்கள் கார்டில் புதிய யூ-பூட்டைப் போட்டு மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பீர்கள், ஓடுவது இஎம்எம்சியில் இருக்கும் பழையது. பேனரில் கட்டப்பட்ட தேதி இருக்கும், அதைப் பாருங்கள். எஸ்2-வை பவர் கொடுக்கும் கணத்தில் அழுத்தியிருக்க வேண்டும். ரீசெட் பொத்தானோடு சேர்த்து அழுத்துவது பலிக்காது, சிப் அந்தப் பின்களைப் பவர் வரும்போது மட்டுமே படிக்கிறது.

சீரியல் கேபிள் அவசியமா?

கட்டாயம். எச்டிஎம்ஐ திரையில் ஏதாவது தெரிய கெர்னல் பாதி வழி வந்திருக்க வேண்டும். ஜே1 என்ற ஆறு பின் இணைப்பில் 1 கிரவுண்ட், 4 போர்டு கேட்கும் பின், 5 போர்டு பேசும் பின். வேகம் 115200. 3.3 வோல்ட் கேபிள் மட்டும் வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னலை இந்தச் சிப் தாங்காது.

"ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று வந்து அப்படியே அமைதியாகிவிடுகிறது. கெர்னல் ஓடவில்லையா?

பல நேரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், பேசுவது உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். கட்டளை வரியில் கன்சோல் பெயரைப் பாருங்கள். பழைய பயிற்சிக் குறிப்புகளில் 'டிடிஒய்' என்பதை அடுத்து ஆங்கில 'ஓ' எழுத்தும் பூஜ்யமும் இருக்கும், அது பழைய ஓமாப் டிரைவருக்கானது. இன்றைய கெர்னலில் அந்த 'ஓ'-வின் இடத்தில் 'எஸ்' வர வேண்டும்.

கன்சோல் சரி என்றால் அடுத்த சந்தேகம் டிவைஸ் ட்ரீ. போர்டில் எந்த முகவரியில் எந்தச் சாதனம் என்பதைக் கெர்னல் அந்தக் கோப்பிலிருந்துதான் அறிகிறது. வேறு போர்டின் கோப்பைக் கொடுத்தால் கெர்னல் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 2023-இல் வந்த 6.5 கெர்னலில் 32 பிட் ஆர்ம் டிவைஸ் ட்ரீ கோப்புகள் எல்லாவற்றையும் நிறுவன வாரியாக உள்ளடைவுகளுக்கு மாற்றிவிட்டார்கள். பீகிள்போனுடையது இப்போது 'டிஐ' அடைவில் 'ஓமாப்' அடைவுக்குள் இருக்கிறது. பழைய பில்ட் அமைப்போடு புதிய கெர்னலை எடுத்தவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டும் சரி என்றால் கெர்னலில் 'எர்லிகான்' வசதியை இயக்கிப் பாருங்கள். முழு டிரைவர் எழும் முன்பே சில வரிகளாவது வரும்.

"அன்ஏபிள் டு மவுண்ட் ரூட்" என்று கெர்னல் பேனிக் ஆகி நின்றுவிடுகிறதே?

அந்தச் செய்திக்குச் சில வரிகள் மேலே பாருங்கள், தனக்குத் தெரிந்த பகுதிகளைக் கெர்னல் பட்டியலிட்டிருக்கும். பட்டியலே காலி என்றால் கார்டு தயாராகும் முன்பே கெர்னல் அவசரப்பட்டுவிட்டது, கட்டளை வரியில் 'ரூட்வெயிட்' சேர்க்கவும். அதன்பின் காத்துக்கொண்டே நின்றால் எம்எம்சி டிரைவரை மாட்யூலாகக் கட்டியிருக்கிறீர்கள். ரூட்டை மவுண்ட் செய்யத் தேவையான மாட்யூல் ரூட்டுக்குள்ளேயே இருந்தால் அதை யார் எடுப்பது? பட்டியலில் கார்டு இருந்தும் தோற்றால் எண்தான் மாறியிருக்கும். எஸ்டி கார்டு பூஜ்யமா ஒன்றா என்பது கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. பகுதியின் யூயூஐடியைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கோப்பு கண்முன்னே இருக்கிறது. ஓட்டினால் "நாட் ஃபவுண்ட்" என்கிறது. எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் விடையில் லினக்ஸ் நிரலை எப்படித் தொடங்குகிறது என்பது முழுக்க அடங்கியிருக்கிறது.

டைனமிக் ஆக லிங்க் செய்த நிரல் தானாக ஓடாது. "என்னைத் தொடங்க இந்த லோடரை அழையுங்கள்" என்று அதன் உள்ளே ஒரு பாதை எழுதப்பட்டிருக்கும். கெர்னல் முதலில் அந்த லோடரைத் தேடுகிறது. அது இல்லையென்றால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற பிழையைத் தருகிறது. இல்லாதது லோடர், ஆனால் ஷெல் அச்சிடுவது உங்கள் நிரலின் பெயரை. அதனால்தான் கண்ணை நம்புவதா திரையை நம்புவதா என்று தவிக்கிறோம்.

மடிக்கணினியில் 'ஃபைல்' கட்டளையை அந்த நிரலின் மீது ஓட்டுங்கள். "இன்டர்ப்ரெட்டர்" என்ற சொல்லுக்குப் பின் லோடரின் பாதை இருக்கும். ஜிலிப்சி ஹார்டு ஃப்ளோட் (மேலே சொன்ன ஹெச்எஃப்) என்றால் அதில் 'ஆர்ம்ஹெச்எஃப்' வரும், சாஃப்ட் ஃப்ளோட்டில் அது வராது, மஸ்ல் என்றால் 'மஸ்ல்' என்றே பெயரில் இருக்கும். போர்டின் 'லிப்' அடைவில் அதே பெயர் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இல்லையென்றால், ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஒரு டூல்செயினிலும் நிரலை இன்னொரு டூல்செயினிலும் கட்டியிருக்கிறீர்கள். லோடரை மட்டும் நகலெடுத்து ஒட்டுப்போடாதீர்கள், நிரலைச் சரியான டூல்செயினில் மீண்டும் கட்டுங்கள்.

என் நிரலுக்கு ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் வேண்டும். போர்டுக்குக் கட்டி வைத்தும் லிங்கர் கிடைக்கவில்லை என்கிறது?

லிங்கர் செய்தியை முழுதாகப் படியுங்கள். "ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்" என்ற வரி இருந்தால், அது மடிக்கணினியின் சொந்த நூலகத்தைத் தொட்டுப் பார்த்து, வேறு செயலியுடையது என்று விட்டுவிட்டது. அந்தப் பாதைக்கு வழிகாட்டியது பெரும்பாலும் பிகேஜி-கான்ஃபிக், நூலகங்கள் எங்கே என்று சொல்லும் கருவி. அதற்கு போர்டைப் பற்றித் தெரியாது. தான் ஓடும் கணினியின் பாதைகளைச் சொல்கிறது. சிஸ்ரூட் (போர்டுக்கான நூலகங்களின் வேர் அடைவு) எங்கே, பிசி கோப்புகள் (நூலகங்களின் பாதைக் குறிப்புகள்) எங்கே என்பதற்கான இரண்டு சூழல் மாறிகளையும் ஸ்டேஜிங் அடைவுக்குத் திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் பாதி இங்கே, பாதி அங்கே என்று ஆகும்.

பிழை சொல்லி நின்றால் நல்லது. நிற்காமல் கட்டி முடிப்பதுதான் ஆபத்து. ஒருமுறை ஒரு நூலகத்தை மடிக்கணினிக்காகக் கட்டிய அதே அடைவில், பழைய கான்ஃபிகர் கேஷை அழிக்காமல் ஆர்முக்கும் கட்டினேன். 'லாங்' என்பதன் அளவு 8 பைட் என்று கேஷ் சொன்னது, போர்டில் அது 4. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, நிரல் ஓடியது, கோப்பில் எழுதிய எண்கள் மட்டும் தப்பு. இரண்டு நாள் போனது. அதன்பின் ஆர்முக்கு எப்போதும் தனி பில்ட் அடைவுதான்.

கான்ஃபிகர் "கிராஸ் கம்பைல் செய்யும்போது சோதனை நிரலை ஓட்ட முடியாது" என்று நின்றால் அது நேர்மையாக நடந்துகொள்கிறது. ஆர்ம் நிரலை இங்கே ஓட்டிப் பார்க்க முடியாதல்லவா? விடை உங்களுக்குத் தெரிந்தால் அதன் கேஷ் மாறியில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சில மூலநிரல்கள் கட்டும் வழியில் ஒரு சிறு கருவியைக் கட்டி, உடனே அதை ஓட்டி ஏதாவது அட்டவணை உருவாக்கும். அந்தக் கருவியை மடிக்கணினியின் ஜிசிசியால் கட்ட வேண்டும். கெர்னல் இதை ஒழுங்காகச் செய்கிறது, எல்லோரும் செய்வதில்லை. அங்கே "எக்ஸெக் ஃபார்மட் எரர்" வரும்.

போர்டு இல்லாமல் சோதிக்கலாமா?

வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஎமு இருக்கிறது. அதன் யூசர் முறையில் ஒரு ஆர்ம் நிரலை ஸ்டேஜிங் அடைவைக் காட்டி இங்கேயே ஓட்டலாம், தர்க்கப் பிழைகளைப் பிடிக்க அருமை. முழு அமைப்பையும் பார்க்க, பில்ட்ரூட்டில் வெர்சடைல் எக்ஸ்பிரஸ் போர்டுக்கான அமைப்பு உண்டு. ஆனால் அது வேறு போர்டு, வேறு கெர்னல். பீகிள்போனின் பூட் வழியை அங்கே சோதிக்க முடியாது.

கூடவே ஓர் எச்சரிக்கை. கியூஎமுவை பின்ஃபார்மட் வசதியோடு நிறுவினால் ஆர்ம் நிரல்கள் மடிக்கணினியில் தாமாகவே ஓடத் தொடங்கும். மேலே சொன்ன எக்ஸெக் பிழை மறைந்துவிடும், தவறு அப்படியே இருக்கும். நண்பரின் கணினியில் கட்டும்போதுதான் தெரியவரும். பில்ட் செய்யும் கணினியில் அந்த வசதியை அணைத்தே வையுங்கள்.

பூட் ஆகிவிட்டது, நெட்வொர்க்கும் வருகிறது. எந்த எச்டிடிபிஎஸ் தளத்தோடும் இணைய மறுக்கிறதே?

'டேட்' என்று அடித்துப் பாருங்கள். பல ஆண்டு பழைய தேதி வரும். சிப்பில் கடிகாரம் உண்டு, அதைத் தாங்கும் பேட்டரி இந்தப் போர்டில் இல்லை. அந்தப் பழைய தேதியில் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை. என்டிபி என்ற இணைய நேர நெறிமுறை வழியாக நேரத்தைச் சரிசெய்த பின்பே மற்றவற்றைத் தொடங்குங்கள். அப்படியும் மறுத்தால் சிஏ சான்றிதழ் பேக்கேஜைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

விண்டோஸில் செய்யலாமா? மேக்கில்?

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-வில் ஆகும். விண்டோஸின் பாத் (நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) அதற்குள் நுழைந்து, அதில் இடைவெளிகள் இருப்பதால் பில்ட்ரூட் முதல் வரியிலேயே மறுக்கும். பாத்தைச் சுருக்கிக் கொடுங்கள், லினக்ஸின் சொந்த வட்டிலேயே கட்டுங்கள். மேக்கின் வழக்கமான ஃபைல் சிஸ்டம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது. கெர்னலில் அந்த வேறுபாட்டை மட்டுமே கொண்ட கோப்புகள் உண்டு. அங்கே விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் வைத்துக்கொள்வதே நிம்மதி.

சூடோ போட்டு, ரூட் உரிமையோடு கட்டினால் என்ன?

செய்யாதீர்கள். கையால் கட்டும்போது "மேக் இன்ஸ்டால்" கட்டளைக்குச் சேருமிடம் சொல்ல மறந்தால் அது மடிக்கணினியின் ரூட்டில் எழுதப் பார்க்கும். சாதாரணப் பயனராக இருந்தால் அனுமதி இல்லை என்று நிற்கும். சூடோவில் இருந்தால் ஆர்ம் சி நூலகம் உங்கள் சி நூலகத்தின் மேலேயே எழுதப்பட்டு, அடுத்த நொடி முதல் 'எல்எஸ்'கூட ஓடாது. கார்டில் எழுதும் ஒரு கட்டளைக்கு மட்டுமே ரூட் உரிமை தேவை.

இதை வைத்துப் பொருள் செய்து விற்றால் மூலநிரலைத் தர வேண்டுமா?

கெர்னல், யூ-பூட், பிஸிபாக்ஸ் மூன்றும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை. வாங்குபவருக்கு அவற்றின் மூலநிரலை, நீங்கள் செய்த மாற்றங்களோடும் கட்டும் ஸ்கிரிப்டுகளோடும் தரும் கடமை உண்டு. உங்கள் சொந்தப் பயனர் நிரல் அதில் தானாகச் சேராது. அமெரிக்காவில் ஜிபிஎல்லை நிலைநாட்ட 2007-இல் தொடுக்கப்பட்ட முதல் வழக்கே பிஸிபாக்ஸுக்காகத்தான். "மேக் லீகல்-இன்ஃபோ" என்று கொடுத்தால் எல்லா உரிமங்களையும் மூலநிரல் தொகுப்புகளையும் பில்ட்ரூட் ஒரே அடைவில் அடுக்கித் தரும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதை ஓட்டுங்கள். விற்று இரண்டு ஆண்டு கழித்து யாரோ கேட்கும்போது தேடத் தொடங்கினால் கிடைக்காது.

எதையெல்லாம் கிட்டில் (கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கருவி) சேமிப்பது?

அவுட்புட் அடைவை வேண்டாம். "மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்" தரும் சில பத்து வரிக் கோப்பு, கெர்னல் அமைப்பு, உங்கள் பேட்சுகள், ரூட்டின் மேல் போர்த்தும் ஓவர்லே அடைவு, எந்தப் பில்ட்ரூட் பதிப்பு என்ற குறிப்பு ஆகியவை போதும். அவற்றை பில்ட்ரூட்டின் உள்ளே கலக்காமல் 'எக்ஸ்டர்னல்' அடைவாக வெளியே வைத்தால் பதிப்பு மாற்றும்போது வலிக்காது. இறக்கிய மூலநிரல் தொகுப்புகள் சேரும் 'டிஎல்' அடைவை மட்டும் தனி வட்டில் நகலெடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே இமேஜைத் திரும்பக் கட்ட உட்காரும்போது அவற்றுள் சிலவற்றின் இணைய முகவரி இருக்காது.